தோள்களை எண்ணிய பயணம்

கோடை விடுமுறையில் மலைமேல் சில நாள் நடந்து திரிந்து வருவோம் என்று நண்பர்கள் கூடிப் பேசினால், முதலில் எழும் வினா எங்கே நடப்பது என்பதன்று. எதில் போவது, எதில் திரும்புவது என்பதே. அண்மையில் நாமும் அவ்வாறு கூடினோம். கோடைக்கானலில் தொடங்கி, வட்டக்கானல், வெள்ளகவி வழியே இறங்கிக் கும்பக்கரையை அடையலாம் என்றார் ஒருவர். "நல்ல யோசனைதான். ஆனால் மேலே நிறுத்திய வண்டியைக் கீழே கொண்டுவருவது யார்?" என்று கேட்டார் மற்றொருவர். நடை தொடங்கும் இடமும் முடியும் இடமும் வெவ்வேறாக அமைவது மலைநடையின் பழைய சிக்கல். இறுதியில், சொந்த வண்டியே வேண்டா என முடிவாயிற்று. வனத்துறையின் இசைவைப் பெற்றுக்கொண்டு, பேருந்தில் ஏறி, கால்நடையாய் இறங்கி, பெரியகுளத்தில் மீண்டும் பேருந்து பிடிப்பதாகத் திட்டம் வகுத்தோம்.

பேருந்தும் மலைச்சாலையும் இல்லாத நாளில் இதே திட்டத்தை எவ்வாறு வகுத்திருப்பார்கள் என்னும் எண்ணம் அப்போது நம்முள் எழுந்தது. அதைத் தேடிச் சென்றபோது, நாம் எதிர்பாராத ஓர் உண்மை எதிர்ப்பட்டது.

1821ஆம் ஆண்டில் லெப்டினன்ட் வார்டு என்பவர் பழனி மலைகளை அளந்தார். 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த அமெரிக்க மறைப்பணியாளர்கள், சமவெளியின் வெப்பத்துக்கும் காலராவுக்கும் தம் குடும்பத்தாரைப் பலிகொடுத்தனர். குளிர்ந்த இடம் தேடிச் சிறுமலைக்குச் சென்றவர்களைக் காய்ச்சல் விரட்டியது. அதன்பின் ஏறத்தாழ 7,000 அடி உயரத்திலுள்ள கோடைக்கானலைக் கண்டடைந்து, 1845இல் அங்கு முதல் வீடுகள் இரண்டைக் கட்டினர். அவர்களுக்கு மலை கேளிக்கைக்குரிய இடமன்று. உயிர் பிழைப்பதற்கான புகலிடம். இதை நாம் மறத்தல் ஆகாது.

1875இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்கு இருப்புப்பாதை அமைந்தபோது அம்மையநாயக்கனூரில் ஒரு நிலையம் எழுந்தது. இன்று கோடைக்கானல் ரோடு என்று நாம் அழைப்பது அதனையே. இரயிலைவிட்டு இறங்கியவர் மாட்டு வண்டியில் ஏறி முப்பது மைலுக்கு மேல் செல்ல வேண்டும். வெயிலுக்கு அஞ்சி இரவிலேயே வண்டி நகரும். பெரியகுளத்துக்கு அருகே, மலையடிவாரத்தில் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பு என்னும் இடத்தோடு வண்டிப்பாதை முடிந்துவிடும். அங்கிருந்து சுமார் 12 மைல் செங்குத்தான மலைப்பாதை. நடக்க இயன்றவர் நடப்பர். குதிரை உள்ளவர் அதன்மேல் ஏறுவர். ஏனையோர் நாற்காலியிலோ டோலியிலோ அமர்ந்து மனிதர் தோள்களில் செல்வர்.

ஆகவே, பயணத்திட்டம் என்பது அந்நாளில் பெரும்பாலும் தோள்களை எண்ணுவதாகவே இருந்தது. குடும்பத்தில் எத்தனை பேர்? ஒருவரைத் தூக்க எத்தனை பேர்? இளைப்பாற்றி மாறித் தூக்க மேலும் எத்தனை பேர்? பெட்டிகளுக்கும் படுக்கைக்கும் சமையல் கலங்களுக்கும் எத்தனை தலைகள்? இவை அனைத்தையும் முன்கூட்டியே சொல்லி ஏற்பாடு செய்தாக வேண்டும். திரும்பும் நாளுக்கும் இதே கணக்குத்தான். குறித்த நாளில் ஆட்கள் மேலே வர வேண்டும். கீழே வண்டிகள் காத்திருக்க வேண்டும். அவ்வண்டிகள் இரயில் நேரத்துக்கு நிலையத்தை எட்ட வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும், காய்ச்சலுக்குப் பேர்போன அடிவாரத்தில் இரவைக் கழிக்க நேரும்.

அந்தப் பாதைக்கு ஆங்கிலேயர் இட்ட பெயர் 'கூலி காட்' என்பது. நம் மொழியில் கூலி என்பது உழைப்புக்குத் தரும் ஊதியம். அவர்தம் வழக்கிலோ அது உழைப்பவனுக்கே பெயராகிவிட்டது. ஊதியத்தின் பெயரால் அழைக்கப்பட்ட அந்த மனிதர்களின் சொந்தப் பெயர்களை நாம் எங்கே போய்த் தேடுவது?

அவர்கள் சுமந்தது சிறிதன்று. 1863இல், மதுரை ஆட்சியராயிருந்த லெவிஞ்ச் கோடைக்கானல் ஏரியை உருவாக்கினார். அதில் மிதக்கவிட முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து வருவித்தார் என்பர். அப்போது மதுரைக்கு இரயிலும் இல்லை; மலைக்குச் சாலையும் இல்லை. கடலுக்குரிய படகு ஒன்று மலையேறிய காட்சியைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்! ஏரியை உருவாக்கியவரின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. படகை மேலேற்றியவர்கள் யார் என்பதை எவரும் எழுதிவைக்கவில்லை.

நம் திருச்சபைக்கும் இதில் பங்குண்டு. இயேசு சபையினரின் திரு இருதயக் கல்லூரி 1895இல் செண்பகனூரில் எழுந்தபோதும் மலைச்சாலை முடிந்திருக்கவில்லை. மலையிலேயே கிடைத்த கல்லும் மரமும் போக, சமவெளியிலிருந்து வரவேண்டிய யாவும் மனிதர் தலையிலோ விலங்குகளின் முதுகிலோதான் ஏறின. அங்கே குருமாணவர் பயின்ற நூல்களுக்கடியிலும் யாரோ ஒருவரின் சும்மாடு இருந்தது.

1872இல் லெப்டினன்ட் கோக்கர் என்பவர், மலைச்சரிவின் விளிம்பையொட்டி நடைபாதை ஒன்று அமைத்தார். 'கோக்கர்ஸ் வாக்' என்று அதனை நாம் இன்றும் அறிவோம். நாற்காலியில் அமர்ந்து மலையேறியவர்கள், மாலை வேளையில் உடல்நலம் கருதிச் சமதளமான அப்பாதையில் உலவினர். உலவியபடியே கீழே பரந்து கிடக்கும் சமவெளியை நோக்கினர். அவர்களைத் தூக்கிவந்தவர்களோ அந்நேரம் வந்த வழியே இறங்கிக்கொண்டிருப்பர். நடை விடுமுறை என்று பெயர் பெற்றது ஒருவருடையது; உண்மையில் நடந்தது மற்றவர். நாம் எதிர்பாராத உண்மை என்று குறித்தது இதனையே.

ஆயினும், இதனை வெறும் குற்றப்பத்திரிகையாக்குவது நம் நோக்கமன்று. அந்தக் கூலி அடிவாரத்தில் பல குடும்பங்களின் அடுப்பை எரித்தது. மேஜர் லா என்பார் வகுத்த மலைச்சாலை 1870களில் தொடங்கி, நெடுங்காலம் இடையில் நின்று, 1914இல் முடிவுற்றது. மோட்டார் வண்டிகள் ஏறத் தொடங்கின. தோள்களுக்கு விடுதலை கிடைத்தது. அதே வேளையில் அத்தோள்களுக்குரியவர்களின் பிழைப்பும் போயிற்று. முன்னேற்றத்தின் கணக்கில் இவ்விரண்டையும் சேர்த்தே எழுதுவதுதான் நேர்மை.

டோலி இன்று அருங்காட்சியகப் பொருளாகிவிட்டது என்று எண்ணுவோமாயின், அதுவும் தவறே. கோடைக்கானலிலிருந்து இறங்கும் நம் வழியிலுள்ள வெள்ளகவியைப் போன்ற ஊர்கள், சாலையின்றியே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவை. மகப்பேற்று வலி கண்ட பெண்ணையும் பாம்பு தீண்டியவரையும் கம்பில் கட்டிய துணியில் கிடத்தி, ஊரார் மாறி மாறிச் சுமந்து செல்லும் செய்திகளைத் தமிழகத்து மலைக் கிராமங்களிலிருந்து நம் காலத்திலும் படித்திருக்கிறோம். விடுமுறைக்கு வருவோருக்கு 1914இலேயே கிடைத்த சாலை, மலையையே வீடாகக் கொண்டோருக்கு ஒரு நூற்றாண்டு கடந்தும் எட்டாக்கனியாயிருந்தது. அன்று செல்வரைச் சுமந்த டோலி ஏழையின் அவசர ஊர்தியாக எஞ்சியதை நெஞ்சில் கொள்ள வேண்டும்.

இன்று எண்ணப்படுபவை தோள்கள் அல்ல, ஊர்திகள். நீதிமன்ற ஆணையின்படி 2024 மே 7 முதல், கோடைக்கானல் செல்லும் வண்டிகள் இ-பாஸ் பெற வேண்டுமென்ற முறை நடப்புக்கு வந்தது. மனிதர் தாங்கிய சுமையை இப்போது மலை தாங்குகிறது. அதன் தோளுக்கும் ஓர் அளவு உண்டு என்பதையே அந்த ஆணை நமக்கு உணர்த்துகிறது.

எனவே, அடுத்த விடுமுறைக்குத் திட்டமிடும்போது, எதில் போவது, எதில் திரும்புவது என்னும் வினாக்களோடு மூன்றாவது ஒன்றையும் கேட்டுக்கொள்வோம்: நம் பயணத்தின் சுமையைத் தாங்குவது யார்? நம் குழுவில் அனைவரும் அவரவர் மூட்டையை அவரவரே சுமப்பது என்று முடிவு செய்துள்ளோம். பன்னிரண்டு மைலின் பொருள் என்னவென்று நம் முழங்கால்கள் நமக்குச் சொல்லட்டும். வழியில் வெள்ளகவி மக்கள் எதிர்ப்பட்டால், வணக்கம் சொல்லி, முதலில் அவர்கள் பெயரைக் கேட்போம்.