இயங்குதளத்தின் அடிப்படைத் தொகுப்புக்கு மென்பொருள் வழங்கும் நெறிமுறைகள்

வெறும் வன்தட்டில் ஓர் இயங்குதளத்தை நிறுவும்போது, பாவனையாளர் எதையும் கேட்பதற்கு முன்னரே வந்து சேரும் மென்பொருள்களின் கூட்டம் அடிப்படைத் தொகுப்பு எனப்படும். கோப்பைப் படியெடுக்கும் கட்டளை, கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் நிரல், நேரவலயத் தரவு போன்றவை இதில் அடங்கும். வெளியிலுள்ள ஒருவர் எழுதிய மென்பொருளை இத்தொகுப்பில் சேர்ப்பதற்கான நிபந்தனைகளே வழங்கல் நெறிமுறைகள். கட்டற்ற இயங்குதளங்களில் இவை யாரும் படிக்கக்கூடியவாறு எழுத்தில் உள்ளன. அவற்றுள் விரிவானவற்றில் ஒன்று டெபியன் கொள்கைக் கையேடு. டெபியனை இயன் மர்டொக் 1993 ஆகஸ்டில் தொடங்கினார். உபுண்டுவும் சென்னை சி-டாக் நிறுவனம் 2007இல் வெளியிட்ட பாஸ் லினக்சும் டெபியனை அடியாகக் கொண்டவை என்பதால், அங்கே எடுக்கப்படும் முடிவு தமிழர் கைக்கு எட்டும் பல கணினிகளைத் தொடுகிறது.

திருகோணமலை நகருக்கு வடக்கே, முத்துமாரியம்மன் கோயிலால் அறியப்படும் சல்லி போன்ற ஒரு கடலோர ஊருக்கு இந்த விதிகள் நேரடியாகப் பொருந்தும். இணைய இணைப்பு மெதுவாக இருக்கும் இடத்தில், தொகுப்புக்குள் இருப்பது நிறுவல் தட்டோடு வந்துவிடும். வெளியே இருப்பதை ஒவ்வொருவரும் தனித்தனியே தேடி இறக்க வேண்டும். தமிழுக்கான கருவிகள் எந்தப் பக்கம் இருக்கின்றன என்பது அங்குள்ள மாணவருக்குச் சிறிய விடயமல்ல.

அடிப்படைத் தொகுப்பு மிகச் சிறியதாக இருக்க வேண்டும் என்பது டெபியன் கையேட்டின் முதல் அக்கறை. நிறுவத்தக்க வடிவில் கட்டப்பட்ட மென்பொருள்களான பொதிகளுக்கு அது முன்னுரிமைப் படிகள் வகுத்திருக்கிறது. கட்டாயம், முக்கியம் என்ற மேல் இரண்டு படிகளில் உள்ளவை மட்டுமே அடிப்படைத் தொகுப்பாகும். புதிதாக வரும் எதுவும் பெரும்பாலும் விருப்பத் தெரிவு என்ற கீழ்ப்படியில்தான் நுழையும். இன்றியமையாதது என்று குறிக்கப்பட்ட பொதியோ மற்ற எல்லாப் பொதிகளும் கேள்வியின்றி நம்பியிருக்கக்கூடியது. அதை நீக்க முயன்றால் பொதி மேலாண்மை நிரலே தடுக்கும். ஆகவே மேம்பாட்டாளர்கள் பேசி ஒருமித்த முடிவுக்கு வராமல் அந்தக் குறியை யாரும் இடக்கூடாது.

பயனுள்ளது என்பது மட்டும் தகுதியாகாது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கைத் தன்னார்வலர்கள் உருவாக்கிய சகானா அனர்த்த முகாமைத்துவ மென்பொருள், கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டுக்கான சமூகநல விருதைப் பெற்றது. காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதிவுசெய்ய உதவிய அருமையான பணி அது. ஆனாலும் அது பிரயோக மென்பொருள். தேவைப்படுவோர் தனியே நிறுவிக்கொள்வதே முறை.

உரிமம் அடுத்த வாயில். 1997 யூலையில் டெபியன் ஏற்றுக்கொண்ட கட்டற்ற மென்பொருள் வழிகாட்டிகள், மூலநிரல் கிடைக்க வேண்டும், மாற்றவும் விற்கவும் பகிரவும் தடை இருக்கக்கூடாது, எந்த ஆளையும் எந்தத் துறையையும் விலக்கக்கூடாது என்கின்றன. கல்விக்கு மட்டும், வணிகத்துக்கு அன்று என்ற ஒரு வரி போதும், டெபியன் தன் பொதிகளை வைத்திருக்கும் முதன்மைத் தொகுப்புக்கு வெளியே அந்தப் பொதி நின்றுவிடும். நல்ல மனத்தோடு இலவசமாக வழங்கும் தமிழ் எழுத்துரு வடிவமைப்பாளர் கவனிக்க வேண்டிய இடம் இது. தடையாக இருப்பது எழுத்துருவின் தரமன்று, அந்த ஒரு வரிதான்.

பெயரிலும் கட்டுப்பாடு உண்டு. வெவ்வேறு வேலை செய்யும் இரு நிரல்களை ஒரே பெயரில் இரு பொதிகள் நிறுவக்கூடாது. அமெச்சூர் வானொலிக்காரரின் நோட் என்ற நிரலும் ஜாவாஸ்கிரிப்ட் இயக்கியான நோட்.ஜேஎஸும் ஒரே கட்டளைப் பெயருக்கு உரிமை கோரியபோது, வழக்கு 2012இல் டெபியனின் தொழினுட்பக் குழுவரை போனது. உலகெங்கும் புழங்கிய புதிய இயக்கி சில காலம் நோட்ஜேஎஸ் என்ற நீண்ட பெயரில்தான் அழைக்கப்பட்டது. குறும்பெயர் வேண்டியோர் அதற்கென இருந்த இன்னொரு பொதியை நிறுவினர். சிறுபான்மையினர் ஏற்கெனவே பயன்படுத்திய பெயரைப் பெரும்பான்மை ஒரே நாளில் பிடுங்கிக்கொள்ளாமல் காத்தது இந்த விதி.

நடைமுறையில், பொதியாக்க விரும்புபவர் முதலில் தம் எண்ணத்தை வழுப் பதிவேட்டில் அறிவிப்பார். அதே வேலையை வேறொருவர் தொடங்கியிருந்தால் அப்போதே தெரிந்துவிடும். பின்னர் கோப்புகளை வகுத்த இடங்களில் வைத்து, பதிப்புரிமை விவரத்தையும் மாற்றக் குறிப்பையும் எழுதி, ஒவ்வொரு கட்டளைக்கும் கையேட்டுப் பக்கம் சேர்க்க வேண்டும். அப்பக்கம் இல்லாதது வழுவாகவே கணக்கிடப்படும். டெபியனின் முழு உறுப்பினர் அல்லாதவருக்காக உறுப்பினர் ஒருவர் சரிபார்த்து ஏற்றுவார். களஞ்சியப் பொறுப்பாளர்கள் உரிமத்தை மீண்டும் ஆராய்வர். அதன்பின், புதியவை முதலில் வந்து சேரும் நிலையற்ற கிளையில் சில நாள் கடுமையான வழு இன்றித் தாக்குப்பிடித்தால் சோதனைக் கிளைக்கு நகரும்.

இந்த மெதுவான நடை ஏன் வேண்டும் என்பதை 2024 மார்ச் காட்டியது. எக்ஸ்இசட் என்ற சுருக்க நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், அதன் இணைப் பராமரிப்பாளராக நம்பிக்கை பெற்றிருந்த ஒருவர் இரகசிய நுழைவாயில் வைத்திருந்தார். தொலைவழி உள்நுழைவு அரை வினாடி தாமதிப்பதை அன்ட்ரெஸ் ஃப்ராய்ன்ட் என்ற பொறியியலாளர் கவனித்துத் தோண்டியதால் அது வெளிப்பட்டது. டெபியனின் நிலையற்ற, சோதனைக் கிளைகளை எட்டியிருந்த அந்தப் பதிப்புகள் நிலையான வெளியீட்டை எட்டவில்லை. ஆனால் எல்லோரும் நம்பும் ஒரு சிறு நிரலைத் தாங்கியிருந்தவர்கள் எவ்வளவு குறைவானவர்கள் என்பதும் அன்று தெரிந்தது. வழங்குபவர் நெடுநாள் பராமரிப்பாரா என்பது நிரலின் அழகைவிடப் பெரிய கேள்வி.

நிரல்களுக்கு மட்டுமன்றித் தரவுக்கும் விதிகள் உண்டு என்பதற்கு இலங்கையோடு நேரடித் தொடர்புடைய எடுத்துக்காட்டு, நேரவலயத் தரவுத்தளம். ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கி, பால் எகர்ட் பேணிவரும் இத்தரவு 2011இல் இணைய எண்களைப் பகிர்ந்தளிக்கும் ஐயானா அமைப்பின் பொறுப்புக்கு வந்தது. 2012இல் அதைப் பராமரிக்கும் நடைமுறை தனி ஆவணமாக எழுதப்பட்டது. 1970 முதல் கடிகாரங்கள் ஒத்துப்போகும் பகுதிக்கு ஒரே பதிவு, அதற்குப் பெரும்பாலும் மக்கள்தொகை மிகுந்த நகரின் பெயர் என்பது அதன் விதி. அதனால் சல்லியிலுள்ள கணினியும் ஆசியா/கொழும்பு என்பதையே தெரிவுசெய்கிறது. அப்பதிவில் நாட்டின் அண்மைக்கால வரலாறு சில வரிகளில் கிடக்கிறது. 1996 மே 25இல், உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணிநேரம் முந்தியிருந்ததிலிருந்து ஆறரைக்கும், அதே ஆண்டு ஒக்டோபர் 26இல் ஆறுக்கும் நேரம் மாறியது. 2006 ஏப்ரல் 15 நள்ளிரவு கழிந்து 12.30க்குக் கடிகாரம் 12.00க்குத் திரும்பி, மீண்டும் ஐந்தரையானது. விடுதலைப் புலிகள் 1996 மாற்றத்தை ஏற்காமல் ஐந்தரையிலேயே இருந்தார்கள் என்பது தரவுக் கோப்பின் குறிப்பில் உண்டு. தனிப் பதிவாக இல்லை. 2006இல் திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே சம்பூர்ப் பக்கம் அவர்கள் கட்டுப்பாட்டில் இருந்தது. ஒரே குடாவைச் சுற்றி இரண்டு நேரம் ஓடிய காலத்தில் எழுதப்பட்ட ஆவணங்களைப் படிப்போர் இதை மறக்கக்கூடாது.

டெபியனுக்கு வெளியே, பிஎஸ்டி இயங்குதள மரபில் ஏற்பாடு வேறு. ஃப்ரீபிஎஸ்டியில் கருவும் அடிப்படைக் கட்டளைகளும் ஒரே மூலநிரல் மரத்தில் வளர்கின்றன. மற்றவை போர்ட்ஸ் என்ற தனித் தொகுப்புக்குப் போகும். உள்ளே வந்தது நிரந்தரமும் அன்று. பேர்ல் மொழி 2003இல் வந்த 5.0 வெளியீட்டில் அடிப்படையிலிருந்து வெளியேற்றப்பட்டது.

இலங்கையிலிருந்து டெபியனுக்குள் போனவற்றில் லங்கா லினக்ஸ் பாவனையாளர் குழுவின் சிங்கள எழுத்துரு குறிப்பிடத்தக்கது; டெபியன் எழுத்துருப் பொதிகளின் பெயரிடல் மாறியபோது அதன் பெயரும் விதிப்படி மாறியது. எக்ஸ் என்ற சாளர முறைமையின் விசைப்பலகைத் தரவில் இலங்கைக்கான ஒரே கோப்பில் சிங்களமும் தமிழும் சேர்ந்திருக்கின்றன. மாதம், கிழமை, நாணயம் ஆகியவற்றை வகுக்கும் குனூ சி நூலகத்தில் இந்தியத் தமிழுக்கும் இலங்கைத் தமிழுக்கும் தனித்தனி வட்டாரக் கோப்புகள் உள்ளன. தமிழில் தனி இயங்குதளங்களை மீண்டும் மீண்டும் தொடங்குவதைக் காட்டிலும் இத்தகைய மேல்நிலைக் கோப்புகளைத் திருத்துவது நிலைக்கும் பணி. திருத்தம் ஒரு முறை ஏற்கப்பட்டால் அது எல்லா வழித்தோன்றல்களுக்கும் இறங்கும். டெபியன் நிறுவியையே தமிழில் இயக்கலாம், ஆனால் வரைகலை முறையில் மட்டும். எழுத்து முறையில் ஓடும் முனையத்தால் தமிழின் கூட்டெழுத்துகளைச் சரிவரக் காட்ட முடிவதில்லை. அடிப்படைத் தொகுப்பில் தமிழுக்கு இன்னும் தீராத வேலைகளில் இதுவும் ஒன்று.