வீட்டிலேயே கண்ணாடியில் கோலம்: தொடங்குவோர் அறிய வேண்டியவை

எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டி வாங்குவது தமிழ்க் குடும்பங்களுக்குப் பழக்கமான ஒன்று. கண்ணாடியிலும் அதுபோல் பெயரோ கோலமோ பதிக்கலாம். ‘எட்சிங்’ எனப்படும் இந்தக் கைவேலைக்குப் பெரிய பட்டறை தேவையில்லை. குவீன்ஸ்டவுனின் பழைய மூவறை வீட்டுச் சமையலறை மேசையே போதும். ஆனால், இதற்குப் பயன்படும் கிரீம் சாதாரணப் பசை அன்று. அதை அறிந்து தொடங்குவதே பாதுகாப்பு.

கண்ணாடி ஏன் மங்குகிறது?

கண்ணாடியின் முக்கியப் பொருள் சிலிக்கா. பெரும்பாலான அமிலங்கள் அதை ஒன்றும் செய்வதில்லை. ஃபுளூரைடு கலந்தவை மட்டும் சிலிக்காவைக் கரைக்கும். ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தை 1771ல் சுவீடனைச் சேர்ந்த கார்ல் வில்ஹெல்ம் ஷீலெ ஆராய்ந்து விவரித்தார். மணலை வேகமாகப் பீய்ச்சிக் கண்ணாடியை மங்கவைக்கும் முறைக்கு அமெரிக்கரான பெஞ்சமின் டில்க்மன் 1870ல் காப்புரிமை பெற்றார்.

இன்று கடைகளில் கிடைக்கும் எட்சிங் கிரீம்கள் பலவற்றில் அம்மோனியம் பைஃபுளூரைடு போன்ற உப்புகள் உள்ளன. கிரீம் பட்ட இடத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகள் உண்டாகி ஒளி சிதறுவதால் அந்த இடம் வெண்மையாகத் தெரிகிறது. கண்ணாடியைத் தின்னும் பொருள் என்பதால்தான் அது பிளாஸ்டிக் டப்பாவில் வருகிறது.

எந்தக் கண்ணாடி ஏற்றது?

ஊறுகாய், ஜாம் வந்த வழவழப்பான காலிப் போத்தல்கள், சாதாரணக் குவளைகள், படச்சட்டக் கண்ணாடி ஆகியவை தொடங்குவதற்கு நல்லவை. அடுப்பில் வைக்கத்தக்க போரோசிலிக்கேட் கண்ணாடியில் கிரீம் சரியாகப் பிடிப்பதில்லை. பிளாஸ்டிக்கில் பிடிக்கவே பிடிக்காது. உணவு, பானம் வைக்கும் பொருளில் வெளிப்புறத்தில் மட்டும் வேலை செய்ய வேண்டும். வாய் படும் விளிம்பையும் உட்புறத்தையும் விட்டுவிட வேண்டும்.

வீவக வீட்டின் சன்னல் கண்ணாடியில் கைவைக்க வேண்டாம். அங்கு மங்கலான தோற்றம் வேண்டுமென்றால் ஒட்டும் படலம் வாங்கி ஒட்டினால் போதும், வேண்டாதபோது உரித்துவிடலாம். எட்சிங் செய்ததை அழிக்க முடியாது.

தேவையானவை

எட்சிங் கிரீம், பின்புறம் பசையுள்ள வினைல் தாள், கூரான பேனாக்கத்தி, மறைப்பு நாடா, மென்மையான தூரிகை, பிளாஸ்டிக் வாளி, நைட்ரைல் கையுறை, பக்கங்களையும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடி. பிராஸ் பசா வளாகத்தில் உள்ள ஓவிய, கைவினைப் பொருள் கடைகளில் விசாரிக்கலாம். பொருளின் பெயரும் எச்சரிக்கைக் குறிப்பும் இல்லாத அமிலத்தை எங்கிருந்தும் வாங்கக்கூடாது.

செய்முறை

1. பாத்திரம் கழுவும் திரவத்தால் கண்ணாடியைக் கழுவி, உலர்த்தி, ஆல்கஹாலால் துடைக்கவும். விரல் பட்ட எண்ணெய்ப் பசை இருந்தால் அங்கு திட்டுத்திட்டாகிவிடும்.

2. வினைல் தாளை முதலில் கண்ணாடியில் ஒட்டி, அதன்மேல் வடிவத்தை வரைந்து, மெதுவாக வெட்டவும். வெண்மையாக வேண்டிய பகுதியை மட்டும் உரித்தெடுக்கவும்.

3. ஓரங்களை நகத்தால் அழுத்தவும். சுற்றிலும் அகலமாக மறைப்பு நாடா ஒட்டவும். ஒரு துளி சிந்தினாலும் அந்த இடமும் மங்கிவிடும்.

4. கையுறையும் கண் பாதுகாப்பும் அணிந்து கிரீமைத் தடிமனாகத் தடவவும். எவ்வளவு நேரம் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். டப்பாவில் உள்ள நேரத்தையே பின்பற்றவும்.

5. நேரம் முடிந்ததும் கிரீமை வழித்தெடுத்து, வாளித் தண்ணீரில் நன்றாக அலசவும். பீங்கான் தொட்டியில் நேரடியாகக் கழுவினால் அதன் பளபளப்பும் போய்விடும்.

6. அலசிய பிறகே தாளை உரிக்கவும். ஈரமாக இருக்கும்போது வடிவம் சரியாகத் தெரியாது. துடைத்து உலர்ந்ததும் துலங்கும். அவசரப்பட்டு மீண்டும் கிரீம் தடவ வேண்டாம்.

கோலமும் தமிழ் எழுத்தும்

ட, ப, ர போன்ற எழுத்துகளில் மூடிய வளைவு இல்லை, வெட்டுவது எளிது. க, ழ, ஞ ஆகியவற்றில் சுழிக்குள் இருக்கும் சிறு துண்டு தனியாக நிற்கும். சிக்குக் கோலத்தில் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் இப்படி ஒரு துண்டு இருக்கும். காகிதத்தில் வெட்டி எடுத்தால் அவை உதிர்ந்துவிடும். கண்ணாடியில் ஒட்டிய பிறகு வெட்டச் சொல்வது அதனால்தான். படச்சட்டக் கண்ணாடியின் பின்பக்கம் எழுதினால் எழுத்தைத் திருப்பி வரைய வேண்டும்.

முதல் முயற்சிக்கு வட்ட ஒட்டுவில்லைகளைப் புள்ளிகளாக ஒட்டி, சுற்றிலும் கிரீம் தடவிப் பார்க்கலாம். புள்ளிகள் தெளிவாகவும் மற்ற இடம் வெண்மையாகவும் வரும். வட்டாரத்து வடிவங்களும் உண்டு. 1970ல் திறக்கப்பட்டு, 2014ல் பாதுகாக்கப்படும் கட்டடமாக அறிவிக்கப்பட்ட குவீன்ஸ்டவுன் பொது நூலகத்தின் முகப்பில் உள்ள ‘போ டை’ வடிவம் நேர்க்கோடுகளால் ஆனது. புதியவர்களும் எளிதில் வெட்டலாம்.

கவனம்

சன்னல்களைத் திறந்துவைத்து, காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும். பொது நடைபாதையில் வேண்டாம். பிள்ளைகள் பெயரை வரையலாம், ஒட்டுவில்லை ஒட்டலாம். கிரீமைப் பெரியவர்களே கையாள வேண்டும். பூட்டிய அலமாரியில், வந்த டப்பாவிலேயே வைக்க வேண்டும்.

ஃபுளூரைடு தோலில் பட்டால் உடனே வலி தெரியாமல் போகலாம். சில மணி நேரம் கழித்தும் தொடங்கலாம். அதற்குள் அது தோலைக் கடந்து உள்ளே இறங்கியிருக்கும். “வலிக்கவில்லையே” என்று விட்டுவிடக் கூடாது. பட்ட உடனே ஓடும் நீரில் நெடுநேரம் கழுவி, டப்பாவையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும். கண்ணில் பட்டாலோ வாய்க்குள் போனாலோ 995 எண்ணை அழைக்க வேண்டும்.

கிரீமைக் கையாள விரும்பாதவர்கள் வைரத்தூள் பூசிய முனையுள்ள கைப்பேனாவால் மெல்லக் கீறியும் வரையலாம். அப்போது கண்ணாடித் தூள் மூக்கில் ஏறாமல் முகக்கவசம் அணிந்து, ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே வரைய வேண்டும். கோடு சற்றுக் கோணலாக வந்தாலும், காலிப் போத்தலில்தானே பழகுகிறோம் என்ற நிம்மதி உண்டு. கை பழகிய பிறகு தீபாவளிக்கு முறுக்கு நிரப்பிக் கொடுக்கும் போத்தலில் பெறுபவரின் பெயரையே பதித்துக் கொடுக்கலாம்.