வெண்தளத்தில் பூமரம்: 1643ஆம் ஆண்டுக் கடிதம் குறித்து ஒரு மறுவாசிப்பு

சோழமண்டலக் கரையின் சீட்டி எனும் வண்ணம் தீட்டிய பருத்தித் துணி ஐரோப்பியரின் மேனியில் பூக்களை ஏற்றிய வரலாறு அறிந்ததே. பிரான்ஸ் 1686இலும், இங்கிலாந்து 1700இலும் 1721இலும் சட்டம் போட்டுத் தடுக்கும் அளவுக்கு அந்த மோகம் முற்றியது. அந்தப் பூவை வரைந்த கை இந்தியக் கை. வரையச் சொன்னது யார் என்பதில்தான் வழக்கு.

துணி வரலாற்றறிஞர் ஜான் இர்வின், காதரின் பிரெட்டுடன் 1970இல் வெளியிட்ட நூலில், சீட்டியின் புகழ்பெற்ற பூமர வடிவம் பழைய இந்திய வடிவம் அன்று என்றார். பல நாட்டுச் சாயல்கள் கலந்த அந்த வடிவத்தை உருவாக்கியதில் ஐரோப்பியச் சந்தைக்கும் லண்டன் அனுப்பிய மாதிரிகளுக்கும் பெரும்பங்கு தந்தார். அந்தப் பூமரத்தை ‘வாழ்வின் மரம்’ என்று எதற்கெடுத்தாலும் சொல்லிக்கொண்டிருந்தவர்களை அவர் வாயடைக்கச் செய்தது நல்லதே. ஆனால் அவர் ஊன்றி நிற்கும் கடிதம் அவ்வளவு பாரம் தாங்குமா?

கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் 1643இல் எழுதியது அது. வரும் போர்வைகள் பெரும்பாலும் மங்கிய சிவப்புத் தளத்தில் (பின்னணியில்) இருக்கின்றன, இங்கே அவ்வளவாக விரும்பப்படுவதில்லை. இனி வெண்தளம் கூடுதலாக வேண்டும். நடுவில் பூவும் கிளையும் பல வண்ணத்தில் அமையட்டும், ஓவியன் விருப்பப்படி. இர்வின் வாசிப்பில் அழுத்தம் ஆணையின் மேல் விழுகிறது. கடைசிச் சொற்களின் மேல் விழ வேண்டும் என்கிறேன். லண்டன் கேட்டது தளத்தின் நிறமாற்றம். பூவின் உருவத்தை அது கைவினைஞனிடமே விட்டுவிட்டது. மாதிரிகள் வந்ததற்கான சான்றுகள் 1660களுக்கு உரியவை. அவற்றை முன்தேதியிட்டு 1643க்குள் நுழைப்பது முறையன்று.

தொழில்நுட்பமும் இதற்குத் துணை நிற்கிறது. கடுக்காயும் எருமைப்பாலும் ஊட்டிய துணியில் படிகாரக் கரைசல் பட்ட இடத்தில் மட்டுமே சாயவேரின் சிவப்பு நிலைக்கும். சிவப்புத் தளத்துக்குத் துணி நெடுகப் படிகாரம் பூச வேண்டும். வெண்தளத்திலோ அது கோட்டிலும் இதழிலும் மட்டும். மற்ற இடத்தில் ஏறிய மங்கல் சாணத்திலும் வெயிலிலும் வெளுத்துப் போகும். ஆக, தளம் வெளுத்ததும் ஓவியனின் கோடு முன்னுக்கு வந்தது. பூ புதிதாக வரவில்லை, கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவே. புரூக்ளின் அருங்காட்சியகத்திலுள்ள சோழமண்டலத் திரை 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்ததாகக் கணிக்கப்படுகிறது. அதில் மாந்தரைச் சுற்றிச் செடிகொடிகள் ஏற்கெனவே மண்டிக் கிடக்கின்றன.

என் வாதத்துக்கும் ஓர் ஓட்டை உண்டு. கடிதம் சூரத்துக்குப் போனது. மசூலிப்பட்டினத்துக்கோ சென்னைக்கோ அன்று. மேற்குக் கரைக்கு இட்ட ஆணையைக் கிழக்குக் கரையின் ஓவியனுக்குப் பொருத்துவது இர்வினுக்கு எவ்வளவு இடரோ, எனக்கும் அவ்வளவே. புரூக்ளின் திரையின் காலமும் பாணியை வைத்துக் கணித்ததுதான். துணியில் ஆண்டு எழுதப்படவில்லை.

போர்வைப் பூ எப்போது உடைப் பூவாயிற்று என்பதற்கும் ஒற்றை ஆண்டு சொல்ல இயலாது. 1663இல் லண்டன் நாட்குறிப்பாளர் சாமுவேல் பெப்பிஸ் மனைவிக்கு வாங்கிய சீட்டி அறைச் சுவருக்குப் போனது. அந்த நூற்றாண்டின் இறுதிக்குள் அதே துணி மேலங்கியாகிவிட்டது. இடைப்பட்ட காலத்துக்குத் தேவை தேதியுள்ள உடைகள். அவை கிடைக்கும்வரை 1643ஆம் ஆண்டுக் கடிதத்தைத் தளநிறத்துக்கான சான்றாக மட்டுமே கொள்ளலாம். பூமரத்தின் பிறப்புச் சான்றிதழாகக் கொள்ள இயலாது.