வில்லியனூர், பாகூர் நாட்டில் உள்ளூர்ச் சரக்கும் சீமைச் சரக்கும்

ஒரே தானியத்தைக் கொண்டு, ஒரே தேசத்தில், சில கல் தூரத்துக்குள் வடிக்கப்படும் இரண்டு விஸ்கிகள் மணத்திலும் ருசியிலும் மாறுபடுவதைக் கண்டு வியந்து, அம்மாறுபாட்டின் காரணத்தை நூல்களில் தேடி, புட்டிகளைச் சேகரித்து, சமமான ரசனையுடைய நண்பர்களை அழைத்துச் சிறிது சிறிதாகச் சுவைத்துப் பார்க்கும் ஒரு பொழுதுபோக்கு, சென்ற இருபது ஆண்டுகளில் நம் நாட்டு மத்தியதர வர்க்கத்தாரிடையே பரவி வந்திருக்கிறது. அத்தகைய ரசிகர்கள் சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு வருவதுண்டு. தங்கள் ஊரில் கிடைக்காத ரகங்கள் இங்கே கிடைக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. வந்தவர்கள் கடற்கரையையும் அதையடுத்த நேர்த்தியான வீதிகளையும் பார்த்துவிட்டு, வாங்கியதை அங்கேயே அருந்தித் திரும்புகிறார்கள். ஆனால் இவ்வூர்க் கடைகளில் இத்தனை ரகங்கள் வந்து குவிந்ததன் சரித்திரத்தை அறிய விரும்புகிறவர், நகரத்தை விட்டு மேற்கே வில்லியனூருக்கும் தெற்கே பாகூருக்கும் சென்று, நெல்வயல்களுக்கும் கரும்புக் கொல்லைகளுக்கும் நடுவே கோணல்மாணலாக வளைந்து செல்லும் எல்லைக்கோட்டைப் பார்க்க வேண்டும்.

கடல்கடந்த மதுவை வரவழைத்து அருந்தும் வழக்கம் இப்பிரதேசத்துக்குப் புதிதன்று. வில்லியனூரைத் தொட்டுக்கொண்டு வரும் சங்கராபரணி, கடலை அணுகுகையில் கிளை பிரிந்து, அரியாங்குப்பத்தாறு என்ற பெயரோடு செல்லுமிடத்தில் அரிக்கமேடு இருக்கிறது. 1945இல் மார்ட்டிமர் வீலரும், 1947-48இல் ழான் மரி கசால் என்னும் பிரெஞ்சு அறிஞரும் அங்கே அகழ்ந்தபோது, மத்தியதரைக் கடல் நாடுகளில் மது நிரப்பி அனுப்பப் பயன்பட்ட இரு கைப்பிடி ஜாடிகளின் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. யவனர் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் நன்மாறனுக்குப் பொற்கிண்ணத்தில் மகளிர் வார்த்துத் தந்ததை நக்கீரர் பாடிய புறநானூற்றுச் செய்தியைத் தமிழறிந்தார் எல்லாரும் அறிவர். ஜாடிகளுக்குள் இருந்த மதுவின் ருசியை இனி எவரும் அறிய இயலாது எனினும், ஓட்டின் வடிவத்தையும் மண்ணையும் கொண்டே இது கோஸ் தீவுச் சரக்கு, இது இத்தாலியச் சரக்கு என்று ஆராய்ச்சியாளர் பகுத்துவிடுகிறார்கள். புட்டியின் லேபிளைப் பார்த்தே சரக்கை மதிக்கும் இக்காலத்துச் சேகரிப்பாளர் சிலருக்கு இச்செய்தி ஆறுதலளிக்கலாம்.

சீமை மதுவெல்லாம் அரண்மனைக்கும் வணிகர் தெருவுக்கும் உரியதாயிருக்க, வயலில் உழைத்தவன் அருந்தியது கள். அதில் தரம் பிரித்துப் பார்க்கும் ரசனை இல்லை என்று எண்ணுவது பட்டணத்தாரின் அறியாமை. ஆண்பனையாகிய அலகுப் பனையின் கள் வேறு, பெண்பனையாகிய பருவப் பனையின் கள் வேறு. பனங்கள் வேறு, தென்னங்கள் வேறு. விடியற்காலையில் இறக்கிய இனிப்பு மாறாத கள் வேறு, வெயிலேறப் புளித்துக் கடுப்பேறிய மாலைக் கள் வேறு. பாளையைச் சீவிக் கட்டிய கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் பதநீர். தடவாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் உள்ள நுண்ணுயிர்கள் சில மணி நேரத்திலேயே அதைக் கள்ளாக்கிவிடும். பல மரத்துக் கள்ளைக் கலந்து விற்பதை விரும்பாமல், இன்ன மரத்தின் கள்தான் வேண்டும் என்று மரமேறியிடம் சொல்லி வைத்து, 'ஒரு மரத்துக் கள்' வாங்கி அருந்துவோர் இன்றும் உண்டு. மருந்தென்று அருந்துவாரும் உண்டு. ஒரே ஆலையில் வடித்த சிங்கிள் மால்ட்டைத் தேடி அலைபவரின் மனமும் இந்த மனத்தினின்று பெரிதும் வேறானதன்று என்பது நம் அபிப்பிராயம்.

இந்த ரசனையின்மீது அரசின் கை படிந்ததும் மிகப் பழைய கதை. கள் இறக்குவோர் செலுத்திய ஈழம்பூட்சி என்னும் வரி பல்லவர், சோழர் காலச் சாசனங்களில் காணப்படுகிறது. ஆயினும், மரத்துக்கு வரி வாங்கிய அரசு, குடிப்பவனுடைய ருசியில் தலையிடவில்லை. அந்தத் தலையீடு ஐரோப்பியர் காலத்துக் குத்தகை முறையோடு வந்தது.

1783ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் தேதி வெர்சாய் நகரில் இங்கிலாந்தும் பிரான்சும் செய்துகொண்ட சமாதான உடன்படிக்கையில், புதுச்சேரியைச் சுற்றி அதற்கு ஆதாரமாக இருக்கும்பொருட்டு வில்லியனூர், பாகூர் என்னும் இரு வட்டாரங்களும் பிரெஞ்சுக்காரருக்குக் கிடைக்கச் செய்யப்படும் என்று இவ்வூர்ப் பெயர்களையே குறிப்பிட்டு ஒரு விதி சேர்க்கப்பட்டது. ஒன்பதாம் நூற்றாண்டிலேயே, நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேட்டின்படி மூன்று ஊர்களை மானியமாகப் பெற்ற வித்தியாஸ்தானம் ஒன்றைக் கொண்டிருந்த பாகூர், இவ்விதம் இரண்டு வல்லரசுகளின் பேரத்தில் ஒரு நிலத்துண்டாயிற்று. அந்தப் பேரத்தின் விளைவாக அமைந்த எல்லை மிக விசித்திரமானது: பிரெஞ்சு ஊருக்குள் ஆங்கிலேயர் ஊரும், ஆங்கிலேயர் ஊருக்குள் பிரெஞ்சு ஊரும் ஊடுருவி நிற்க, ஒருவனுடைய வீடு ஒரு ராஜ்யத்திலும் நிலம் மற்றொரு ராஜ்யத்திலும் கிடந்தன. சுங்க அதிகாரிகளுக்கு இது தீராத் தலைவலி. 1815இல் செய்த ஒப்பந்தத்தின்படி, புதுச்சேரியில் விளையும் உப்பைக் கொள்ளும் ஏகபோக உரிமைக்காக ஆண்டுதோறும் நான்கு லட்சம் ரூபாய் கொடுக்க ஆங்கிலேயர் சம்மதித்ததற்கும், மலிவான உப்பு எல்லை கடந்து வந்துவிடும் என்ற அச்சமே காரணம்.

உப்புக்கு இருந்த அச்சம் சாராயத்துக்கு இராதா? கள், சாராயம் விற்கும் உரிமையை ஏலத்தில் விட்டுக் குத்தகைப் பணத்தை வசூலிப்பது பிரெஞ்சு நிர்வாகத்துக்கும் ஆங்கில நிர்வாகத்துக்கும் பொதுவான வருவாய் வழியாயிற்று. ஏலத்தில் பெரும்பணம் கட்டிக் கடையை எடுத்தவனுக்கு, எந்த மரம், எந்த வேளை, எவருடைய கைப்பக்குவம் என்னும் பேதங்களெல்லாம் வீண்சுமை. சீக்கிரம் விலைபோகும் ஒரே தினுசுச் சரக்கே அவனுக்கு லாபம். குத்தகைக்கு வெளியே, வெல்லத்தையும் வெள்வேலம்பட்டையையும் பானையில் ஊறல் போட்டுக் காட்டோரத்தில் காய்ச்சியவன் குற்றவாளியானான். குற்றவாளிக்குச் சரக்கைப் பக்குவப்படுத்தி வைத்துக்கொள்ள அவகாசம் ஏது? இலங்கையில் தென்னங்கள்ளிலிருந்து வடித்த சாராயம் ஹல்மில்லா மரப் பீப்பாய்களில் ஆண்டுக்கணக்கில் ஊறி, உலகச் சந்தையில் பெயர் பெற்றது. நம் பக்கத்துச் சாராயமோ காய்ச்சிய சூடு ஆறுமுன் விலைபோவதையே தன் விதியாகக் கொண்டது. இதற்கு மண்ணையோ மக்களையோ குறைகூறுவது நியாயமாகாது. ஏலமுறையே முதற்பெரும் காரணம் என்று நாம் கருதுகிறோம்.

பிரெஞ்சுக்காரர் தங்களுக்கென்று கப்பலேற்றி வந்தவை திராட்சை மதுவும் கோஞாக் முதலிய பிராந்திகளுமே. விஸ்கி பிரிட்டிஷ் வியாபாரிகள் வழியாகப் பரவிய பொருள். 1826இல் சென்னையில் ஆங்கஸ் மெக்டவல் தொடங்கிய வியாபாரம் சீமை மதுவையும் சுருட்டையும் விற்றுப் பெருகியது; 1951இல் அது விட்டல் மல்லையாவின் கைக்கு மாறியது. உலக அளவில் விஸ்கிக்கு யோகம் அடித்ததோ, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சின் திராட்சைக் கொடிகளை ஒரு பூச்சி அழித்துப் பிராந்திக்குப் பஞ்சம் வந்தபோதுதான். ஆயினும் நம் கிராமங்களில் வெளிநாட்டுப் புட்டியைப் பரிச்சயப்படுத்தியவர்கள், பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனா முதலிய தூரதேசங்களில் உழைத்து, பென்ஷனோடு ஊர் திரும்பிய சிப்பாய்கள். இன்றும் ஊரார் அவர்கள் குடும்பங்களைச் 'சொல்தா வீடு' என்றே சொல்லுவார்கள். பாரிசிலிருந்து விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகள் தாத்தாவுக்கு ஒரு புட்டி கொண்டுவருவதும், பண்டிகை நாளில் அதைத் திறந்து உறவினருக்கு ஆளுக்குச் சிறிது வார்ப்பதும் இவ்வீடுகளின் சம்பிரதாயம்.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அந்த எல்லைக்கோட்டுக்குப் புதிய உயிர் வந்தது. 1937இல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் தொடங்கிவைத்த மதுவிலக்கு, படிப்படியாகப் பரவி, 1948 அக்டோபர் 2ஆம் தேதி சென்னை மாகாணம் முழுவதையும் தழுவியது. அப்போது முதன்மந்திரியாக இருந்தவர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார்; அவர் பிறந்த ஓமந்தூரோ திண்டிவனத்தின் அருகே, புதுச்சேரி எல்லையிலிருந்து அதிக தூரமில்லாத ஊர். ஆறு மாதம் கழிந்து, 1949 ஏப்ரலில், 1941முதல் பிரெஞ்சிந்தியாவோடு நிலவிய சுங்க ஐக்கியத்தை இந்திய அரசாங்கம் முடிவுக்குக் கொண்டுவந்தது. சுற்றிலும் மது இல்லாத நிலம். நடுவே, வெளிநாட்டுப் பொருள் குறைந்த தீர்வையில் வந்திறங்கும் துறைமுகமும் அதைச் சேர்ந்த சிதறிய கிராமங்களும். வரப்பைத் தாண்டினால் வேறு சட்டம் என்றிருக்கும் ஓரிடத்தில் கள்ளக்கடத்தல் செழிப்பதற்கு யாரும் உபதேசிக்க வேண்டியதில்லை.

1954 அக்டோபர் 18ஆம் தேதி வில்லியனூரை அடுத்த கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கு வாக்களித்தனர். நவம்பர் முதல் தேதி நிர்வாகம் கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியும் இணைப்பு நிறைவேறியது. தேசக்கொடி மாறிற்றேயன்றி மதுச்சட்டம் மாறவில்லை. புதுச்சேரி தனக்கென 1970இல் கலால் சட்டம் இயற்றிக்கொண்டது. தமிழ்நாட்டில் 1971இல் விலக்குத் தளர்ந்து, 1974இல் மறுபடி இறுகி, 1981இல் மீண்டும் திறந்து, 1987இல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை விழுந்து, 2003இல் சில்லறை விற்பனை முழுவதும் அரசின் டாஸ்மாக் வசம் சென்ற அத்தனை மாறுதல்களின்போதும், புதுச்சேரிக் கிராமங்களில் கள்ளுக்கடையும் சாராயக்கடையும் ஏலமுறையில் நடந்துகொண்டே வந்தன. பிராந்திக் கடைகள் தனியார் உரிமத்தில் நடந்தன. ரகங்களின் பெருக்கத்துக்கு இதுவே நேரான காரணம். எதை விற்பது என்று அரசாங்கம் தீர்மானிக்கும் இடத்தில் வாங்குகிறவன் கிடைத்ததைக் கொள்வான். வியாபாரி தீர்மானிக்கும் இடத்தில் அவன் கேட்டது அலமாரிக்கு வரும். வரியும் குறைவு. கடலூர் எல்லையில், பெண்ணையாற்றங்கரைச் சோரியாங்குப்பத்திலும் நெடுஞ்சாலை முள்ளோடையிலும் வரிசையாக நிற்கும் கடைகளைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. 2020இல் கொரோனா வரி விதித்து விலையைத் தமிழ்நாட்டு அளவுக்கு உயர்த்திய சில மாதங்களில் அக்கடைகளின் கூட்டம் குறைந்ததும் பலர் கண்டதே.

இக்கடைகளில் மிகுதியாக விற்கும் 'விஸ்கி' யாது என்பதையும் ரசிகர் அறிதல் நலம். பார்லியை முளைகட்டி, புளிக்கவைத்து, செப்புப் பாண்டத்தில் இருமுறை வாலைவடித்து, ஓக் மரப் பீப்பாயில் மூன்றாண்டுக்குக் குறையாமல் வைத்திருப்பது ஸ்காட்லாந்து மால்ட்டின் முறை. நம் நாட்டு மலிவு விஸ்கியின் அடித்தளமோ பெரும்பாலும் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகில் வடித்த நிறமற்ற எரிசாராயம். அதனோடு சிறிது மால்ட்டும் வர்ணமும் வாசனையும் சேரும். ஐரோப்பியச் சட்டம் அதற்கு விஸ்கி என்னும் பெயரை அனுமதிப்பதில்லை. வில்லியனூரிலிருந்து நகரத்துக்குச் செல்லும் வழியில் சங்கராபரணிப் பாலத்தருகே ஆரியபாளையத்தில் உள்ள அரசுச் சாராய ஆலையிலிருந்துதான் ஏலக் கடைகளுக்குச் சாராயம் செல்கிறது. பாமரன் அருந்தும் சாராயமும், அவனை ஏளனமாகப் பார்ப்பவர் அருந்தும் பல விஸ்கிகளும், மூலத்தில் ஒரே கரும்பின் வழித்தோன்றல்களாக இருப்பது வேடிக்கையே.

இந்த நிலையை மாற்றியவர்கள் பெங்களூர்க்காரர்கள். 1948இல் தோன்றிய அம்ருத் ஆலை, இந்தியப் பார்லியைக் கொண்டு வடித்த சிங்கிள் மால்ட்டை 2004இல், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலேயே துணிந்து விற்பனைக்கு விட்டது. ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகும். பெங்களூரில் அது 10 முதல் 12 சதவீதம். நஷ்டம் அதிகம் என்றாலும், வெப்பத்தினால் மரத்தின் சாரம் விரைவில் இறங்கி, சில ஆண்டுகளிலேயே பக்குவம் வந்துவிடுகிறது. நம் வெயிலைக் குறையென்று எண்ணியிருந்தோருக்கு இது நல்ல பாடம். பின்னர் கோவாவிலும் ராம்பூரிலும் ஹரியானாவிலும் சிங்கிள் மால்ட் ஆலைகள் பெயர் பெற்றன. புட்டி எண்ணிக்கையில் ஸ்காட்ச் விஸ்கியை மிகுதியாக வாங்கும் நாடு என்ற இடத்தைப் பல காலம் வகித்த பிரான்சை, 2022இல் சுமார் 21 கோடியே 90 லட்சம் புட்டிகளோடு இந்தியா முந்தியது. 2025 ஜூலையில் பிரிட்டனோடு கையெழுத்தான வர்த்தக உடன்படிக்கை, 150 சதவீத இறக்குமதித் தீர்வையை முதலில் 75 ஆகவும் பத்தாண்டுகளில் 40 ஆகவும் குறைக்க வகைசெய்கிறது. தீர்வை குறையக் குறைய, புதுச்சேரி எல்லையின் அனுகூலமும் குறையும் என்றே தோன்றுகிறது.

ஆகவே, வில்லியனூரிலும் பாகூரிலும் பழைய வீடுகளில் வாழும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். பாட்டனார் காலத்துக் கள்ளுக்கடை ஏலச் சீட்டு, பிரெஞ்சு முத்திரையிட்ட உரிமப் பத்திரம், சொல்தா வீட்டு அலமாரியில் தூசி படிந்திருக்கும் காலிப் புட்டி, அதன் லேபிள் ஆகியவற்றைப் பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். புதுச்சேரி அருங்காட்சியகத்தாருக்கோ உள்ளூர்ச் சரித்திர ஆராய்ச்சியாளருக்கோ ஒரு முறை காட்டுங்கள். மரமேறும் முதியவர் எவரேனும் உங்கள் ஊரில் இருந்தால், எந்த மரத்துக் கள் எப்படியிருக்கும் என்று அவரிடம் கேட்டு எழுதியும் வையுங்கள்.