காவடிச் சிந்து: சுமையில் பிறந்த சந்தம்

காவடிச் சிந்து என்றதும் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரின் பெயரைச் சொல்லி, 'காவடிச் சிந்தின் தந்தை' என்னும் பட்டத்தையும் சேர்த்து எழுதி அடுத்த பத்திக்குச் சென்றுவிடுவது நம் இலக்கிய வரலாற்று நூல்களின் வழக்கம். தேர்வில் ஒரு மதிப்பெண் வினாவுக்கு அந்த விடை போதும். மறுபுறம், நாட்டார் கலைகளைப் பட்டியலிடும் நூல்களோ காவடியாட்டத்தைக் கரகம், ஒயில், கும்மி ஆகியவற்றோடு வைத்து, 'ஆசிரியர் பெயர் அறியப்படாத மக்கள் கலை' என்கின்றன. ஒரே கலையின் பாட்டு ஒரு தாளிலும் ஆட்டம் இன்னொரு தாளிலுமாகப் பிரிந்து கிடக்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தாலொழிய இதன் தோற்றம் விளங்காது.

சொல்லிலிருந்து தொடங்கலாம். 'கா' என்பது தோளில் வைத்து இருபுறமும் சுமை தொங்கவிடும் தண்டைக் குறிக்கும் பழஞ்சொல். சங்கப் பாடல்களில் பாணரும் கூத்தரும் தம் இசைக்கருவிகளைக் காவில் கட்டித் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகச் செல்கின்றனர். காவுதல் என்றால் சுமத்தல். ஈழத்துப் பேச்சுவழக்கில் அவ்வினை இன்றும் உயிரோடு இருக்கிறது. காவு தடியே காவடி ஆயிற்று என்பர். ஆக, வழிபாட்டுப் பொருளாவதற்கு நெடுங்காலம் முன்பே அது உழைப்பாளியின் கருவியாக இருந்திருக்கிறது. கலைஞனின் பயணத்துணையாகவும் இருந்திருக்கிறது.

பழநித் தலத்தின் இடும்பன் கதையும் இதையே வேறு மொழியில் சொல்கிறது. அகத்தியர் ஏவலால் சிவகிரி, சக்திகிரி என்னும் இரு குன்றுகளைத் தண்டின் இருமுனையிலும் கட்டித் தூக்கிவந்த இடும்பன், இளைப்பாற இறக்கிய இடம் பழநி. மறுபடி தூக்க முடியவில்லை. குன்றின்மேல் நின்ற சிறுவனோடு பொருது மாண்டு, அவன் அருளால் உயிர்த்தெழுகிறான். தன்னைப் போலச் சுமை சுமந்து வருவோர்க்கெல்லாம் அருள வேண்டும் என்பதே அவன் கேட்ட வரம். கதையின் நாயகன் ஒரு சுமைகாரன் என்பதை நாம் போதிய அளவு கவனித்ததில்லை.

சுமைத்தண்டு தோளில் ஏறியவுடன் நடை மாறிவிடுகிறது. இருபுறமும் தொங்கும் பாரம் மேலும் கீழும் ஆடும். அந்த ஆட்டத்தோடு அடி ஒத்துப்போனால் பாரம் இலேசாகும். ஒத்துப்போகாவிட்டால் தோளை முறிக்கும். சுமப்பவனுக்குத் தாளம் அழகுக்காக வந்ததன்று, தேவைக்காக வந்தது. நெடுவழியில் கூட்டமாக நடப்போர் அத்தாளத்துக்கு ஏற்பப் பாடிய பாட்டுக்கு வழிநடைச் சிந்து என்று பெயர். ஒருவர் ஓர் அடியை எடுக்க, மற்றவர் வாங்கிப் பாடுவர். குறுகிய அடிகள், அடிகளுக்கு இடையே தனிச்சொல், சட்டென்று விரையும் முடுகு: இவையெல்லாம் நடக்கும் கால்களுக்கும் வாங்கும் மூச்சுக்கும் பொருந்தி வருவதைப் பாடிப் பார்த்தாலே உணரலாம். காவடியாட்டத்தின் அடவுகளும் இந்த நடையின் விரிவே எனக் கருத இடமுண்டு. கையால் பிடிக்காமல் தோளிலும் கழுத்திலும் காவடியைச் சுழலவிடும் ஆட்டக்காரர், சுமைகாரன் கண்டுபிடித்த சமநிலையை நையாண்டி மேளத்தின் முன்னால் கலையாக்கிக் காட்டுகிறார்.

இந்த மரபு ரெட்டியாருக்கு முற்பட்டது என்பதற்குக் கடல் கடந்தும் சான்று உண்டு. தமிழ்க் கூலித் தொழிலாளர்கள் மொரீஷியசுக்கு 1830களிலிருந்தும், தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860இலிருந்தும் கப்பலேறினர். அவர்களும் அவர்கள் வழியில் சென்றோரும் அங்கெல்லாம் காவடியை நிலைநிறுத்தினர். நேட்டாலுக்கு முதற் கப்பல் சென்றபோது ரெட்டியார் பிறந்திருக்கவே இல்லை. கரும்புத் தோட்டத்தில் சுமை தூக்கியவர்கள் ஆண்டுக்கொரு நாள் தாமே விரும்பி ஒரு சுமையைத் தோளில் ஏற்றினார்கள் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

அப்படியானால் ரெட்டியார் செய்தது என்ன? இன்றைய தென்காசி மாவட்டத்துச் சென்னிகுளத்தில் பிறந்த அவர், திருவாவடுதுறையில் உ.வே.சாமிநாதையரிடம் பாடம் கேட்டவர். ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் அவைப்புலவராக விளங்கியவர். சங்கரன்கோயில் திரிபந்தாதி பாடியவர். முதலெழுத்து மட்டும் மாறி, பின்வரும் எழுத்துகள் அடிதோறும் ஒன்றாக அமைந்து, பொருள் வேறுபட வேண்டும் என்ற திரிபின் கடுங்கட்டுப்பாட்டில் நூறு பாட்டுப் பாடும் பயிற்சி அவருடையது. ஜமீன்தார் கழுகுமலைக்குக் காவடி எடுத்துச் சென்றபோது வழிநடைப் பாட்டாக இச்சிந்துகளைப் பாடினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அருணகிரிநாதரின் சந்தத்தில் ஊறிய காதும் திரிபில் தேர்ந்த நாவும் தெருவில் நடந்த தாளத்தைச் சந்தித்தன. இயைபும் மோனையும் அடுக்கி வர, ஆயினும் கால் இடறாமல், புதியதோர் உருவம் எழுந்தது.

அவர் சேர்த்தது ஓசைச் செறிவை மட்டுமன்று. கழுகுமலையின் வளத்தையும் முருகன் புகழையும் பாடுவதோடு நில்லாமல், தலைவியின் ஏக்கம், தோழியிடம் புலம்பல், தூது ஆகிய அகத்துறைகளையும் சிந்துக்குள் கொண்டுவந்தார். தோளில் பாரமும் காலில் கொப்புளமுமாய் நடக்கும் ஓர் ஆண்மகன், முருகனை நினைந்து உருகும் பெண்ணின் குரலில் பாடுகிறான். ஈராயிரம் ஆண்டு அகமரபு ஏடறியாதவன் வாய்க்கு வந்து சேர்ந்த வழிகளுள் இது ஒன்று.

முப்பது வயதை எட்டும் முன்பே ரெட்டியார் மறைந்துவிட்டார். அவருடைய அந்தாதியையும் கருவை மும்மணிக்கோவையையும் இன்று படிப்பவர் மிகச் சிலர். சிந்தோ செஞ்சுருட்டி முதலான இராகங்களில் கச்சேரி மேடைக்கும் பரத மேடைக்கும் போயிற்று. திருவிழாத் தெருவிலும் நின்றது. புதுச்சேரி இரா. திருமுருகன் சிந்துக்கென்றே 'சிந்துப் பாவியல்' என்று இலக்கணம் வகுத்தார். கழுகுமலையை உள்ளடக்கிய எட்டயபுரம் ஜமீனில் பிறந்த பாரதியோ நொண்டிச் சிந்தைத் தேசத்தின் துயரைப் பாடும் கருவியாக்கினார்.

தம் பெயரையும் ஊரையும் பாட்டுக்குள்ளேயே பொறித்து வைத்தவர் ரெட்டியார். அந்த அடிகளைப் பாடி ஆடுவோரில் எத்தனை பேருக்கு அது ஒரு கவிஞனின் கையொப்பம் என்று தெரியும்? வகுப்பில் இதைச் சொல்லும்போது மாணவர்கள் இரக்கப்படுவதுண்டு. எனக்கு அது இரக்கத்துக்குரியதாகத் தோன்றவில்லை. பெயரற்ற சுமைகாரர்களிடமிருந்து அவர் கடனாகப் பெற்றது தாளம். பாட்டாக அது அவர்களிடமே திரும்பிப் போயிருக்கிறது. 'தந்தை' என்ற பட்டத்தைவிட, வாங்கியதை வளர்த்துத் திருப்பிக் கொடுத்தவர் என்ற வரியே அவருக்குப் பொருந்தும். அந்த வரியை எழுதும் இலக்கிய வரலாறு, கடன் கொடுத்தவர்களுக்கும் ஒரு பத்தி ஒதுக்க வேண்டியிருக்கும்.