மலையடிவாரம் என்னும் முகவரி: கொங்கு நாட்டில் ஊர்வன, இருவாழ்வி ஆய்வு இறங்கி வந்த வழி

1937இல் ஒரு சிறு தவளைக்கு அறிவியல் ஏட்டில் பெயர் கிடைத்தது. அது கிடைத்த இடம் என்று கட்டுரையாசிரியர் குறித்தது மிகச் சுருக்கம்: ஆனைமலையின் அடிவாரம், கோயம்புத்தூர் மாவட்டம். ஊர்ப்பெயர்கூட இல்லை. ரமனெல்லா ஆனமலையென்சிஸ் என்று அன்று அழைக்கப்பட்ட அத்தவளையை இன்று உபெரோடான் என்னும் பேரினத்தில் வைத்திருக்கிறார்கள். பெயரிட்டவர் சி.ஆர். நாராயண ராவ், 1882இல் கோயம்புத்தூரில் பிறந்தவர்.

ஓர் இனத்தை முதன்முதலில் விவரிக்கும்போது எடுத்துக்காட்டாக வைக்கப்படும் உடலை மூலமாதிரி என்பார்கள். பிற்காலத்தில் ஐயம் எழுந்தால் அந்தக் குப்பியைத் திறந்துதான் தீர்த்துக்கொள்ள வேண்டும். ராவின் மூலமாதிரிகள் பெங்களூரு சென்ட்ரல் கல்லூரியில் இருந்தவை. பின்னாளில் அவை தொலைந்துபோயின. ஆனைமலைத் தவளைக்கு மிஞ்சியது அச்சான பக்கமும் அடிவாரம் என்ற முகவரியும்தான். 2010இல் இந்தியாவெங்கும் தொலைந்த இருவாழ்விகளைத் தேடும் முயற்சி ஒன்றைத் தவளை ஆய்வாளர் எஸ்.டி. பிஜு முன்னின்று தொடங்கினார். அப்போதுதான், 73 ஆண்டுகள் கழித்து, இந்தத் தவளை மறுபடி கண்ணில் பட்டது. அதுவும் கோயம்புத்தூர் மாவட்டத்தில் அல்ல, கேரளத்தில்.

கொங்கு நாட்டின் பாம்பும் பல்லியும் தவளையும் பற்றிய அறிவு மலைமேல் தொடங்கியது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அது மெல்ல இறங்கி வந்திருக்கிறது. அடிவாரத்தை அது தாமதமாகத் தொட்டது. சிங்காநல்லூர் போன்ற சமவெளிக் குளக்கரையை இன்னும் சரியாகத் தொடவில்லை. இந்த இறக்கத்தின் வரலாற்றையும், அதன் தாமதம் பாதுகாப்பு முறைகளில் எப்படிப் பதிந்திருக்கிறது என்பதையும் இக்கட்டுரை தொடர்ந்து பார்க்கிறது.

மலையில் தொடங்கியதற்குக் காரணம் ஆட்சியிலேயே இருந்தது. மருத்துவராகப் பணியாற்றிய டி.சி. ஜெர்டன் 1853இல் தீபகற்ப இந்தியாவின் ஊர்வனவற்றுக்கு ஒரு பட்டியல் வெளியிட்டார். ஆல்பர்ட் குந்தரின் பெருநூல் 1864இல் லண்டனில் வந்தது. ஆனால் நம் மலைகளைத் தோண்டிப் பார்த்தவர் ரிச்சர்டு ஹென்றி பெடோம். படைவீரராக வந்து, 1857இல் உதவியாளராக வனத்துறையில் சேர்ந்து, 1860 முதல் 1882 வரை சென்னை மாகாண வனத்துறைக்குத் தலைமை வகித்தவர். மரம் எங்கே இருந்ததோ அங்கே அவர் பணி. பணி எங்கேயோ அங்கே அவர் கண். ஆனைமலையிலும் நீலகிரியிலும் திருவிதாங்கூர் மலைகளிலும் மண்ணுக்குள் வாழும் கேடயவால் பாம்புகளில் கணிசமான இனங்களை அவரே முதலில் விவரித்தார். 1878இல் மெலனோபட்ராக்கஸ் என்ற கருந்தவளையையும் அவர் பெயரிட்டார். அதை மறுபடி கண்டெடுத்த செய்தி ஆய்விதழ்களில் வர 1997 ஆயிற்று.

பெடோமின் உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அவர் இல்லாவிட்டால் கேடயவால் பாம்புகளைப் பற்றிப் பேசவே நமக்குச் சொற்கள் இருந்திரா. ஆனால் காடு இருக்கும் இடமே இயற்கை, கழனி இருக்கும் இடம் இயற்கை அல்ல என்ற பிரிவினை அந்தக் காலத்தில்தான் வேர்விட்டது. வனத்துறை எல்லைக்கல் நட்ட இடத்தோடு தேடலும் நின்றுவிட்டது.

அடிவாரத் தவளைக்குப் பெயரிட்ட நாராயண ராவ் அந்த எல்லையை ஒருமுறையாவது தாண்டியவர். சென்னை கிறித்தவக் கல்லூரியில் ஜே.ஆர். ஹெண்டர்சனிடம் படித்தார். பின்னர் சென்னை அருங்காட்சியகப் பொறுப்பேற்று, 1912இல் கொச்சிக் காடுகளின் பிரம்பு ஆமையை விவரித்தவர் அதே ஹெண்டர்சன்தான். ராவ் கோயம்புத்தூரிலும் எர்ணாகுளத்திலும் ஆசிரியராக இருந்துவிட்டு பெங்களூரு சென்று, சென்ட்ரல் கல்லூரியில் விலங்கியல் துறையை உருவாக்கினார். 1932இல் தொடங்கிய ‘கரண்ட் சயின்ஸ்’ இதழின் முதல் ஆசிரியரும் அவரே. தென்னிந்தியத் தவளைகளை ஓர் இந்தியர், இந்தியக் கல்லூரி ஒன்றில் அமர்ந்து, இந்திய ஆய்விதழில் விவரித்தது அன்று சிறிய செயல் அல்ல. மாதிரிகள் லண்டனுக்குப் போயிருந்தால் தப்பியிருக்கும் என்று சிலர் சொல்வதுண்டு. இந்த வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. குறை, மாதிரிகளை இங்கே வைத்ததில் இல்லை. இங்கே வைத்ததை நாம் காக்காமல் விட்டதில் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் புதர்த்தவளைப் பேரினம் ஒன்றுக்கு 2010இல் ராவோர்கெஸ்டெஸ் என்று பெயர் வைத்தார்கள். கோயம்புத்தூரில் பிறந்த ஒருவரின் பெயர் இன்று வால்பாறை மழையில் இரவெல்லாம் கூவுகிறது.

அதன் பின் நெடுங்காலம் நம் பகுதியில் பெரிதாக ஒன்றும் நிகழவில்லை. ஊர்வன பற்றிய மால்கம் ஸ்மித்தின் மூன்று தொகுதிகள் (1931, 1935, 1943) கல்லூரி நூலகங்களில் இருந்தன. அவற்றை வைத்து இனங்காண்பதே ஆய்வாக இருந்தது. நாட்டின் பிற இடங்களில் கேள்வி மாறிக்கொண்டிருந்தது. பாம்புத்தோல் வணிகத்துக்குத் தடை வந்தது. இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978இல் சென்னைக்கு அருகே உருவானது. வயல்களில் பிடித்த பெருந்தவளைகளின் கால்கள் கப்பல் கப்பலாக ஏற்றுமதியாகி, 1987இல் அதுவும் தடை செய்யப்பட்டது. 1989இல் இங்கிலாந்தின் கேன்டர்பரியில் கூடிய முதல் உலக ஊர்வன, இருவாழ்வி ஆய்வு மாநாட்டில், வெவ்வேறு கண்டங்களிலிருந்து வந்தவர்கள் தத்தம் ஊரில் தவளை குறைவதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டபோதுதான் அது உலகச் சிக்கல் என்று புரிந்தது. எந்த இனம் என்ற கேள்வியோடு எத்தனை மிச்சம் என்ற கேள்வியும் சேர்ந்தது.

இந்த இரண்டாம் கேள்வியில் கோயம்புத்தூருக்குத் தனி இடம் உண்டு. சாலி வாக்கர் 1985இல் தொடங்கிய ஜூ அவுட்ரீச் நிறுவனம் சிங்காநல்லூருக்குப் பக்கத்துப் பீளமேட்டிலிருந்து பல ஆண்டுகள் இயங்கியது. ஆய்வாளர்களையும் வனத்துறையினரையும் ஒரே அறையில் உட்கார வைத்து, ஒவ்வோர் இனமாக எடுத்து, எங்கே இருக்கிறது, எவ்வளவு பரப்பில், என்ன ஆபத்து என்று கேட்டு எழுதும் பட்டறைகளை அது நடத்தியது. சஞ்சய் மோலூரும் சாலி வாக்கரும் தொகுத்த இந்திய ஊர்வன, இந்திய இருவாழ்விகள் பற்றிய அறிக்கைகள் 1998இல் வெளியாயின. இந்திய இனங்களை உலக அழிநிலைப் பட்டியலின் அளவுகோல்களால் இவ்வளவு விரிவாக மதிப்பிட்ட முதல் முயற்சிகள் அவை. பல இனங்களுக்கு நேரே ‘தரவு போதாது’ என்றே எழுத வேண்டியிருந்தது. அது தோல்வி அல்ல. அடுத்த தலைமுறை எங்கே போக வேண்டும் என்று காட்டிய வரைபடம். 2022இல் வந்த உலக ஊர்வன மதிப்பீடு 10,196 இனங்களில் 21.1 விழுக்காடும், 2023இல் வந்த இருவாழ்வி மதிப்பீடு 8,011 இனங்களில் 40.7 விழுக்காடும் ஆபத்தில் இருப்பதாகக் கணித்தன. இவை உருவானது இத்தகைய மேசைகளில்தான்.

அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் தவளைகளைக் கூட்டமாகக் கொன்ற கைட்ரிட் பூஞ்சையைத் தேடும் பணியிலும் மோலூர் பங்கேற்றார். மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபகுதித் தவளைகளில் ஆசிய வகைப் பூஞ்சை இருப்பதை அவரும் உடனிருந்தோரும் 2013இல் காட்டினர். பூஞ்சை இருந்தும் இங்கே அத்தகைய பெருஞ்சாவுகள் பதிவாகவில்லை. பூஞ்சையின் பிறப்பிடம் கிழக்காசியா என்று 2018இல் ஒரு பன்னாட்டுக் குழு நிறுவியது. நம் தவளைகள் அதனோடு நெடுநாள் பழகியவையாக இருக்கலாம் என்ற கருத்துக்கு அது வலுச் சேர்க்கிறது.

இனி அடிவாரத்துக்கு வருவோம்.

சலீம் அலி பறவையியல், இயற்கை வரலாற்று மையம் 1990இல் தொடங்கப்பட்டு ஆனைகட்டியில் நிலைகொண்டது. பெயரில் பறவை இருந்தாலும் அங்கே ஊர்வனவற்றுக்கு ஒரு மனிதர் இருந்தார்: சுப்பிரமணியன் பூபதி. பரத்பூரின் மலைப்பாம்புகளையும் நாகப்பட்டினம் கரையில் முட்டையிடும் ஆமைகளையும் ஆராய்ந்தவர். மாணவர்களை மலைக்கு அனுப்பிவிட்டு அறையில் இருப்பவர் அல்லர். 2014 ஏப்ரலில் அகத்தியமலைக் களப்பணியின்போது நேர்ந்த விபத்தில் இறந்தார்.

அவர் பெயரில் இரண்டு உயிர்கள் இருக்கின்றன. இரண்டுமே மலையின் கிழக்குச் சரிவைச் சேர்ந்தவை என்பது தற்செயல் போலத் தோன்றினாலும் என் வாதத்துக்கு உயிர்நாடி அதுவே. முதலாவது ஊதாத்தவளை. 2003இல் பிஜுவும் ஃபிராங்கி போசுயிட்டும் கேரளப் பக்கத்தில் விவரித்த நாசிகாபட்ராக்கஸ், ஆண்டில் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் கழித்துவிட்டு இனப்பெருக்கத்துக்கு மட்டும் மேலே வரும் விந்தைத் தவளை. அதன் இன்னோர் இனத்தை 2017இல் ஜனனி, கார்த்திகேயன் வாசுதேவன் முதலியோர் திருவில்லிபுத்தூர்ப் பக்கத்துக் கிழக்குச் சரிவில் கண்டு பூபதியின் பெயர் சூட்டினர். மேற்குப் பக்கத் தவளை தென்மேற்குப் பருவக்காற்றின் மழைக்கு வெளிவருகிறது. கிழக்குப் பக்கத் தவளை வடகிழக்குப் பருவமழைக்கு. ஒரே மலை, இரண்டு மழை, இரண்டு இனம். ஆனி, ஆடியில் மட்டும் மலையேறும் ஆய்வாளருக்கு இரண்டாவது எப்படிக் கண்ணில் படும்?

இரண்டாவது யூரோபெல்டிஸ் பூபதியி. வி.ஜே. ஜின்ஸ், ஃபிலிபா சம்பாயோ, டேவிட் கோவர் மூவரும் 2018இல் ஆனைகட்டி மலையிலிருந்து விவரித்த கேடயவால் பாம்பு. 200க்குக் குறையாத வயிற்றுச் செதில்கள் அதைத் தன் பேரினத்தின் மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுகின்றன. கேடயவால் பாம்புகள் நஞ்சற்றவை, மண்ணைத் துளைத்துச் சென்று மண்புழு தின்பவை, குட்டி ஈனுபவை. தீபகற்ப இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வெளியே இக்குடும்பம் இல்லை. பெடோம் இத்தனை இனங்களை அள்ளிய பின்னும், கோயம்புத்தூர் நகரத்திலிருந்து பேருந்தில் போய்வரக்கூடிய தொலைவில் ஒன்று பெயரில்லாமல் காத்திருந்தது.

மண்ணில் வாழும் பாம்புக்கு மண்தான் வீடு. ஆனைகட்டிக்குப் போகும் வழியிலுள்ள தடாகம் பள்ளத்தாக்கில் பல பத்தாண்டுகளாகச் செங்கல் சூளைகளுக்குச் செம்மண் வெட்டப்பட்டது. வழக்குகளுக்குப் பின் 2021இல் உரிமமின்றி இயங்கிய சூளைகள் மூடப்பட்டன. பள்ளங்கள் அப்படியே கிடக்கின்றன. யானை வழித்தடம் என்ற பெயரில்தான் அந்தப் போராட்டம் பெரிதும் நடந்தது, அதில் பிழையில்லை. ஆனால் யானை சுற்றி நடக்கும். சாண் நீளப் பாம்பு வெட்டிய மண்ணோடு லாரியில் ஏறிவிடும். சாலையும் அப்படித்தான். ஆனைமலைச் சாலைகளில் நசுங்கிச் சாகும் ஊர்வன, இருவாழ்விகளைப் பற்றி விஜயகுமார், வாசுதேவன், ஈஸ்வர் மூவரும் 2001இலேயே எழுதினார்கள். மழை பெய்த இரவில் வெளிவரும் உயிர்களுக்கு ஒரு வேகத்தடை செய்யும் நன்மையை எந்த அறிவிப்புப் பலகையும் செய்யாது.

சமவெளிக்கு வந்தால் ஆய்வு மெலிகிறது. விசிறித்தொண்டை ஓணான்களை மறுபரிசீலனை செய்த தீபக் வீரப்பனும் உடனிருந்தோரும் 2016இல் தென்தமிழ்நாட்டு இனம் ஒன்றுக்கு மருதம், நெய்தல் என்ற இரு திணைகளின் பெயரையும் சேர்த்து ‘சிட்டானா மருதம்நெய்தல்’ என்று பெயரிட்டனர். குறிஞ்சியை விட்டு அறிவியல் கீழே இறங்கியதற்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. எங்கள் பக்கத்தில் ஓணானை ஒடக்கான் என்போம். காங்கேயம், தாராபுரம் கொறங்காட்டு மேய்ச்சல் நிலங்களின் வேலியோரம் ஒடக்கான் இல்லாத நாள் உண்டா? உண்டு என்று சொல்லும் பெரியவர்களைப் பார்க்கிறேன். அதை எண்ணிக்கையாக மாற்றத் தொடர் கணக்கெடுப்பு வேண்டும். வறண்ட நிலத்து நட்சத்திர ஆமையும் மண்ணுளிப் பாம்பும் கடத்தல் வழக்குகளில்தான் செய்தியாகின்றன.

சிங்காநல்லூர்க் குளம் ஏறத்தாழ 288 ஏக்கர். நொய்யலின் நீர் வாய்க்கால் வழி வந்து நிறையும் குளவரிசையில் ஒன்று. சங்கனூர்ப் பள்ளத்தின் நகரக் கழிவும் இந்தப் பக்கமே வந்து சேர்கிறது. 2017இல் மாநகராட்சி இதை நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலம் என்று அறிவித்தது. பறவைகளைப் பார்க்க ஞாயிறு காலையில் ஆள் வருகிறார்கள், பட்டியலும் வளர்கிறது. தவளையைப் பார்க்க ஞாயிறு காலை உதவாது. தோல்வழியாகவும் மூச்சுவிடும் உயிர் அது; குளத்து நீரில் என்ன கலந்தாலும் தலைப்பிரட்டையின் உடலில் அது நேரே சேரும். ஆகவே குளத்தின் நலத்தைக் கொக்கைவிடத் தவளையே முதலில் சொல்லும்.

மழைமறைவில் கிடக்கும் கோவைக்குப் பெருமழை ஐப்பசியில்தான். அந்த மழையின் முதல் மூன்று இரவுகளில், இருட்டியதிலிருந்து நள்ளிரவு வரை, கரையின் வரையறுத்த இடங்களில் நின்று கூவல்களைப் பதிவு செய்ய வேண்டும். பெருந்தவளையின் ஆண் மஞ்சளாகி நீலக் குரற்பைகளை ஊதும் நாட்கள் அவை. இனங்காண நிபுணர்கூடத் தேவையில்லை. அடுத்த ஐப்பசியிலும் அதே இடங்களில் நிற்க வேண்டும், அதற்கடுத்த ஐப்பசியிலும். பதிவில் ஊர், கரை, மதகின் பெயர், நாள், நேரம் எல்லாம் இருக்க வேண்டும்.