பாயின் வயிறும் பந்தயத்தின் வெற்றியும்

காற்று எல்லோர்க்கும் பொது; கடலும் பொது. ஆயினும் ஒரே காற்றில், ஒரே கடலில் புறப்படும் இரு படகுகளுள் ஒன்று முந்துகிறது, மற்றொன்று பிந்துகிறது. மாலுமியின் திறமை, படகின் அடிப்பாகத்தின் அமைப்பு எனக் காரணங்கள் பல கூறலாம். எனினும் படகை வாங்கி முடித்த பின்னர், உரிமையாளர் தம் விருப்பப்படி மாற்றிக்கொள்ளக்கூடிய முதன்மையான உறுப்பு ஒன்று உண்டு. பாய்மரத்தின் பின்னே விரியும் பெரும்பாயே அது.

அதை எவ்வாறு தேர்வது? மேலை நாடுகளில் சிறு படகில் விடுமுறைப் பயணம் போய், அதே படகைப் பந்தயத்திலும் ஓட்டும் குடும்பங்கள் இன்று கேட்கும் வினா இது. இதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்னரே கடல் ஒரு விடை கூறிவிட்டது. அவ்விடை கிடைத்த வரலாறு சுவையானது, படிப்பினை மிக்கதுமாகும்.

கௌஸ் துறையில் ஒரு விருந்தாளி

1851ஆம் ஆண்டு. கடலின் அரசி எனப் பிரிட்டன் புகழ்பெற்றிருந்த காலம். அவ்வாண்டு ‘அமெரிக்கா’ என்னும் பெயருடைய இரட்டைப் பாய்மரக் கலம் ஒன்று நியூயார்க்கிலிருந்து அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து இங்கிலாந்தின் தென்கரைக்கு வந்தது. ஜார்ஜ் ஸ்டியர்ஸ் என்பவர் வகுத்த கலம் அது. நியூயார்க் படகோட்டக் கழகத்தின் தலைவர் ஜான் காக்ஸ் ஸ்டீவன்ஸும் அவருடைய நண்பர்களும் அதன் உரிமையாளர்கள்.

ஆகஸ்டு 22ஆம் நாள் ஒய்ட் தீவைச் சுற்றி, ஏறத்தாழ 53 கடல் மைல் தொலைவுக்குப் பந்தயம் நடைபெற்றது. பிரிட்டிஷ் படகுகள் பதினான்கு. எதிரே விருந்தாளி ஒன்றே. காலையில் கௌஸ் துறையை விட்டுக் கிளம்பும்போது ‘அமெரிக்கா’ பின்தங்கியிருந்தது. இரவு எட்டரை மணி கடந்த வேளையில் முதலாவதாக வந்து சேர்ந்ததும் அதுவே.

அன்றைய வெற்றிக்குப் பாய் ஒன்றே காரணம் என்று சொல்வது நேர்மையாகாது. கலத்தின் அடிப்பாகம் புதுமையானது. எதிர்ப் படகுகளுள் ஒன்று தரைதட்டியது. மற்றொன்று அதற்கு உதவச் சென்றது. பலரும் ஒரு விளக்குக் கப்பலுக்கு வெளியே சுற்றிச் செல்ல, ‘அமெரிக்கா’ அதற்கு உட்புறமாகக் குறுக்கே சென்றது; அதைப் பற்றி முறையீடும் எழுந்து, பின்னர்க் கைவிடப்பட்டது. எனினும் கரையில் நின்ற பாய் தைப்போரின் கண்கள் நிலைத்தது அக்கலத்தின் பாய்களின் மீதுதான்.

ஆளியும் பருத்தியும்

பிரிட்டிஷ் படகுகளின் பாய்கள் ஆளி நாரில் நெய்தவை. அவை இழுக்க இழுக்க நெகிழும். காற்றில் பை போல உப்பி நிற்கும். இழைகளுக்கு இடையே காற்று ஒழுகும் என்பதால், பந்தயத்தின்போது அவற்றின் மீது நீரை வீசி நனைப்பர்; நனைந்த நூல் பருத்துத் துளைகளை அடைக்கும். பாயின் வயிறு பெருக்கப் பெருக்க அதிகக் காற்றை அள்ளலாம் என்பது அந்நாளைய நம்பிக்கை. தந்தையிடமிருந்து மகன் கற்ற தொழில் அது. ஐயுற வேண்டிய காரணத்தை எவரும் கண்டிலர்.

‘அமெரிக்கா’வின் பாய்களோ இயந்திரத்தில் நெருக்கமாக நெய்த பருத்தித் துணியால் ஆனவை, பலகை போல் தட்டையாக நின்றவை. ஆங்கிலேயர் தம் பெரும்பாயின் அடியோரத்தைத் தளர விட்டிருந்தனர். அமெரிக்கரோ அதை அடிக்கழியோடு கயிற்றால் நெடுகப் பிணைத்திருந்தனர். எதிர்க்காற்றில் ஏறிச் செல்லும்போதுதான் இவ்வேறுபாட்டின் பலன் தெரிந்தது.

காற்று பின்னாலிருந்து தள்ளும்போது உப்பிய பாய் போதும். காற்றை எதிர்த்துச் சாய்கோட்டில் ஏறும்போது பாய் ஒரு பறவையின் சிறகைப் போலத் தொழிற்படுகிறது. அதற்கு வளைவு தேவை. ஆனால் அளவான, நிலையான வளைவு தேவை. துணி நெகிழ்ந்தால் வளைவு ஆழமாகிப் பின்னோரத்தை நோக்கி நகரும். முன்னே செலுத்த வேண்டிய விசை படகைப் பக்கவாட்டில் சாய்க்கும். சுக்கான் பிடிப்பவரின் கை ஓயாது போராடும். காற்று வலுக்க வலுக்கப் பாய் தட்டையாக வேண்டிய நேரத்தில், நெகிழும் துணியோ மேலும் வயிறு வைக்கிறது!

நைல் நதியின் கொடை

அன்று தொட்டுப் பந்தயப் பாய்க்குப் பருத்தியே துணியாயிற்று. ‘காட்டன்’ என்னும் ஆங்கிலச் சொல்லே ‘குத்ன்’ என்னும் அரபுச் சொல்லின் வழிவந்தது. 1820ஆம் ஆண்டை ஒட்டி, முகம்மது அலி பாஷாவின் ஆட்சியில், ஜுமேல் என்னும் பிரெஞ்சுக்காரர் எகிப்தில் நீண்ட இழைப் பருத்தியைப் பரப்பினார். பிற்காலத்தில் சிறந்த பந்தயப் பாய்கள் அந்த எகிப்தியப் பருத்தியிலேயே நெய்யப்பட்டன. நைல் கரை உழவனின் விளைச்சல் அட்லாண்டிக் கடலில் செல்வர்களின் பந்தயத்தை ஓட்டியது.

பருத்தியைப் பேணுவதோ எளிதன்று. புதுப் பாயை மென்காற்றில் பல நாள் விரித்துப் பழக்க வேண்டும். முதல் நாளே புயலில் இழுத்தால் என்றென்றைக்கும் உருக்கெட்டுப் போகும். மழையில் சுருங்கும், ஈரத்தோடு மடித்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

1941ஆம் ஆண்டில் வின்ஃபீல்ட், டிக்சன் என்னும் ஆங்கிலேயர் இருவர் பாலியெஸ்டர் இழையைக் கண்டனர். டெரிலின் எனவும் டேக்ரான் எனவும் அது பெயர் பெற்றது. 1950களில் அது பருத்தியை அப்பால் ஒதுக்கியது. மழையும் பூஞ்சணமும் அதனை வெல்லவில்லை, நெகிழ்வும் குறைவு.

இன்றைய தேர்வு

இன்று கடையில் இரு வழிகள் உண்டு. ஒன்று, நெய்த பாலியெஸ்டர் பாய். மற்றொன்று, மெல்லிய படலத்துக்கு இடையே வலுவான இழைகளை வைத்து ஒட்டிய அடுக்குப் பாய். பின்னது உருவத்தை இறுகக் காக்கும்; பந்தயத்தில் பயன் தரும். ஆனால் மடிப்பும் படபடப்பும் அதற்குப் பகை; காலப்போக்கில் அடுக்குகள் பிரியும்; விலையும் மிகுதி. நெய்த துணி மெல்ல மெல்ல உருக்குலையும். ஆயினும் நெடுநாள் உழைக்கும். குடும்பத்தோடு பல நாள் பயணம் போவோரின் கைமுரட்டைப் பொறுக்கும்.

நெய்த துணியை விரும்புவோர் கவனிக்க வேண்டியது நெசவு. பாவும் ஊடும் செல்லும் திசையில் இழுத்தால் துணி தாங்கும். மூலைவாட்டத்தில் இழுத்தால் நெகிழும். எந்தத் தறியாளரும் அறிந்த உண்மை இது. பெரும்பாயின் பின்னோரத்திலேயே சுமை மிகுதி. ஆதலின் ஊடு நூல் அவ்வோரத்தின் வழியே செல்லுமாறு துண்டங்களைக் குறுக்கே வைத்துத் தைக்கின்றனர். நெருக்கமான நெசவுக்குக் கொடுக்கும் பணம் வீணாவதில்லை. நெகிழும் துணியைக் கஞ்சி போட்டாற்போல் பசையேற்றி விறைப்பாக்கி விற்பதுண்டு. அவ்விறைப்பு, காற்றில் சில மாதம் படபடத்தால் உதிர்ந்துவிடும். கடையில் கையால் தடவிப் பார்ப்பவருக்கு அது தெரியாது.

‘பாய் எவ்வளவு பெரிது?’ என்று கேட்பவர், 1851ஆம் ஆண்டில் கௌஸ் துறையில் தோற்றவரின் கேள்வியையே மீண்டும் கேட்கிறார். ‘காற்று வலுக்கும்போதும், மூன்றாண்டு கழிந்த பின்னும் இது தன் வடிவில் நிற்குமா?’ என்பதே கேட்க வேண்டிய கேள்வி. பழகிய கண்ணுக்கு உப்பிய பாயே அழகாகத் தோன்றியது. அயலான் ஒருவன் வந்து வென்ற பின்னரே அக்கண் திறந்தது. திறந்த பின்னர், தோற்றவர்கள் நாணாமல் அவனுடைய துணியைத் தமதாக்கிக்கொண்டனர் என்பதும் நாம் நினைவில் கொள்ளத்தக்கதேயாகும்.